முதல் வாட்டர் கூலிங் கம்ப்யூட்டர்: மடையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள்

நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவனுக்கு ஈஸ்டர் முடிந்த பிறகுதான் உண்மையான கோடை. சர்ச் கல்யாணங்கள் வரிசைகட்டும், கூடவே வைகாசி முகூர்த்தங்களும் வந்து சேரும். பகலெல்லாம் மண்டபம், ராத்திரியெல்லாம் ரெண்டர், அதாவது எடிட் செய்ததைக் கம்ப்யூட்டர் முழு வீடியோவாக்குகிற வேலை. மொட்டை மாடிக்கு நேர் கீழே என் அறை. ராத்திரி 11 மணிக்கும் கான்கிரீட் சூட்டை விடாது. கேபினெட்டுக்குள் ஃபேன்கள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுக்கிற பஸ் மாதிரி இரையும். அந்தச் சத்தம் தாங்காமல்தான் வாட்டர் கூலிங் பக்கம் போனேன்.

முதல் தடவை ஒரு ரேடியேட்டரை நானே ஓட்டை போட்டேன். இரண்டாவது தடவை மதர்போர்டை நனைத்தேன். மூன்றாவது இன்றுவரை ஓடுகிறது. குளச்சலில் இருக்கிற நண்பன் ஒருவன் இப்போது தொடங்கப் போகிறேன் என்றான். அவனுக்கு போனில் சொன்னதையெல்லாம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி ஒருமுறையாவது நீங்களே பொருத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதுவே புதிதென்றால் சாதாரண ஏர் கூலரோடு ஒன்று கட்டிவிட்டு வாருங்கள்.

தண்ணீர் செய்வதும் செய்யாததும்

தண்ணீர் ஒரு சுமைகூலி. சிப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கும், அங்கே ஃபேன் அதைக் காற்றில் தள்ளும். ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். அதே எடைக் காற்றுக்கு 1 கிலோஜூல் போதும். அதனால்தான் விரல் தடிமன் குழாயில் இவ்வளவு சூட்டைக் கடத்த முடிகிறது.

ஆனால் ரேடியேட்டர் வழியாகப் போவது உங்கள் அறைக் காற்று. அறை 32 டிகிரி என்றால் தண்ணீர் 32-க்குக் கீழே ஒருநாளும் இறங்காது. தண்ணீர் சுற்றி வரும் இந்தப் பாதைக்கு லூப் என்று பெயர். நன்றாகக் கட்டிய லூப்பில், முழு வேலை நடக்கும்போது, தண்ணீர் அறையைவிட 10 டிகிரி கூடுதலாக நிற்கும், அதாவது 42. சிப் அதற்கும் மேலே. ஊட்டியில் இருக்கிறவன் காட்டுகிற வெப்பநிலையைப் பார்த்து இங்கே ஏங்கிப் பயனில்லை.

'நம்ம ஊர் ஈரக்காத்துல குழாய் வேர்க்காதா?' என்று பலரும் கேட்கிறார்கள். வேர்க்காது. செம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே துளிர்ப்பது செம்பு காற்றைவிடக் குளிர்ந்து போவதால். நம் தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடு.

இன்னொன்று, அறையின் சூடு குறையாது. 500 வாட் தின்கிற மெஷின் எந்தக் கூலர் போட்டாலும் 500 வாட் சூட்டை அறையில்தான் கொட்டும். வாட்டர் கூலிங்கில் மிஞ்சுவது அமைதியும், மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும்போது வேகம் குறையாமல் நிற்பதும்தான். 65 வாட் பிராசசரில் கணக்குவழக்கு பார்க்கிறவர் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நல்ல ஏர் கூலர் 3,000, 4,000 ரூபாய்க்குள் கிடைக்கும். பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் குளிர்விக்க நாமே கட்டும் கஸ்டம் லூப் அதைப் போலப் பத்து மடங்கு கேட்கும். வீட்டில் இந்தக் கணக்கை எப்படிச் சொல்வது என்பது அவரவர் சாமர்த்தியம்.

என்னென்ன வேண்டும்

பிராசசருக்கு ஒரு வாட்டர் பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகக் கட்டி), கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று, பம்ப், ரிசர்வாயர் எனும் சிறு தொட்டி, ரேடியேட்டர், அதற்கான ஃபேன்கள், ட்யூப், அதைப் பாகங்களோடு இணைக்கும் பிட்டிங், லூப்பில் ஓடும் திரவமான கூலன்ட். பம்பும் ரிசர்வாயரும் ஒன்றாகச் சேர்ந்தே வருவதை வாங்குங்கள், ஒரு மூட்டு மிச்சம். டி5, டிடிசி என்று இரண்டு வகைப் பம்புகள்தான் பெரும்பாலும் புழக்கத்தில் உண்டு. டி5 சத்தம் குறைவு, டிடிசி உருவில் சிறியது. முதல் தடவைக்கு டி5 என்பது என் கட்சி.

உள்ளூரில் இதெல்லாம் கிடைக்குமா என்று அலைந்து பெட்ரோலை வீணாக்காதீர்கள். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் நல்ல கம்ப்யூட்டர் கடைகள் உண்டு, ஆனால் ஜி 1/4 (வாட்டர் கூலிங் பிட்டிங்குகளின் மரை அளவு) பிட்டிங் கேட்டால் பிளம்பிங் கடைக்கு வழி காட்டுவார்கள். ஆன்லைன், இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். ஆர்டர் போடும்போது பிட்டிங்கை எண்ணி, அதற்கு மேல் இரண்டு கூடுதலாகப் போடுங்கள். ஒற்றை பிட்டிங்குக்காக ஒரு வாரம் கூரியருக்குக் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

இந்தப் பட்டியலில் காசைவிடக் கவனம் கேட்பவை மூன்று.

முதலாவது உலோகம். லூப்பில் தண்ணீர் தொடுகிற உலோகமெல்லாம் செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு இவற்றுக்குள் இருக்க வேண்டும். விலை மலிவு என்று அலுமினிய ரேடியேட்டரை வாங்கிச் செம்பு பிளாக்கோடு சேர்த்தால், தண்ணீர் நடுவில் நின்று இரண்டையும் பாட்டரி ஆக்கிவிடும். அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி, பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களை அடைக்கும். விளம்பரத்தில் ரேடியேட்டரின் உலோகம் போடவில்லையென்றால் அலுமினியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ரேடியேட்டரின் அளவு. ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் நிற்கிற இடத்துக்கு 100 முதல் 150 வாட் என்று பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். நம் சூட்டில் 100 என்றே வையுங்கள். பிராசசர் 150, கிராபிக்ஸ் கார்டு 300 என்றால் 450 வாட். ஆகவே மூன்று ஃபேன் நிற்கிற 360 ரேடியேட்டர் ஒன்று, இரண்டு ஃபேன் நிற்கிற 240 ஒன்று, மொத்தம் ஐந்து ஃபேன். இடம் தாராளமாக இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும், சத்தமும் வராது. வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்துக் கேபினெட்டை அளந்துவிடுங்கள். ரேடியேட்டர் 30 மில்லிமீட்டர், ஃபேன் 25, மொத்தம் 55. மேலே பொருத்தினால் மதர்போர்டின் ஹீட்சிங்கிலும் ராமிலும் இடிக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது கிராபிக்ஸ் கார்டின் பிளாக். பிராசசர் பிளாக் சாக்கெட்டைப் பொறுத்தது. ஏஎம்5, எல்ஜிஏ 1700 என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டு அப்படியில்லை. ஒரே பெயர் கொண்ட சிப்பை ஐந்து கம்பெனிகள் ஐந்து விதமான போர்டில் வைத்து விற்கும். பிளாக் அந்தக் குறிப்பிட்ட போர்டுக்கென்றே செய்தது. பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் கார்டின் முழு மாடல் பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கூலரைக் கழற்றினால் வாரன்டி என்னாகும் என்பதையும் கார்டு கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ட்யூபில் இரண்டு சாதி: வளையும் மென்குழாய், சூடாக்கி வளைக்கும் கடினக்குழாய். படங்களில் பளபளவென்று நேர்கோடாகத் தெரிவது இரண்டாவது. முதல் தடவைக்கு அது வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். ஒரு வளைவு 3 மில்லிமீட்டர் தவறினால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். மென்குழாயில் 10/16 என்ற அளவை எடுங்கள். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். சுவர் தடிமனாக இருப்பதால் எளிதில் மடங்காது. கண்ணாடி போன்ற பிவிசி குழாய் அழகுதான், ஆனால் அதை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் நாள்பட வெளியேறிப் பிளாக்கில் பிசின் போலப் படியும். கறுப்பு ஈபிடிஎம் ரப்பரில் அந்தத் தொல்லை இல்லை. மலையோரத்தில் பால் வெட்டுகிற நம் ரப்பர் வேறு, இது செயற்கை ரப்பர். சூட்டில் எளிதில் வெடிக்காது.

எந்தத் தண்ணீர்

கிணற்றுத் தண்ணீர், பைப் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்ஓ எதுவும் ஆகாது. வெந்நீர்ப் பானையின் அடியில் பிடித்திருக்கும் வெள்ளைக் கறையைப் பார்த்திருப்பீர்கள். அது பிளாக்கின் பள்ளங்களில் படிந்தால் கதை முடிந்தது. பாட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாட்டிலுக்குப் பாட்டில் வித்தியாசம் உண்டு, சிலவற்றில் 'டீமினரலைஸ்டு' என்றுதான் போட்டிருக்கும். கழுவுவதற்கு அது போதும். லூப்பில் நிரப்ப, கம்ப்யூட்டருக்கென்றே கலந்து வரும் கூலன்ட்டை வாங்குங்கள். அரிப்பைத் தடுப்பதும் பாசி பிடிக்காமல் காப்பதும் அதிலேயே இருக்கும். நிறமற்றது நல்லது. பால் போன்ற கெட்டி நிறக் கூலன்ட்கள் போட்டோவுக்கு. அவற்றின் நிறத்துகள் நாளடைவில் கீழே படியும்.

லூப்புக்குச் சுமார் 1 லிட்டர் போதும். 2 லிட்டர் வாங்குங்கள்.

முதலில் மடை

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தண்ணீர் வருகிற கால் ஒன்று, வயலுக்குத் திறக்கிற மடை ஒன்று, நிரம்பினால் வழிந்து போக மறுகால் ஒன்று. மடையில்லாமல் யாரும் குளம் வெட்டியதில்லை. ஆனால் வாட்டர் கூலிங்கில் முதல் தடவை இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் (நான் உட்பட) தண்ணீர் எப்படி வெளியே வரும் என்று யோசிக்காமலே கட்டி முடிக்கிறோம். பிறகு கூலன்ட் மாற்றும்போதுதான் தெரியும், ஒரு குழாயைப் பிடுங்கினால் முக்கால் லிட்டரும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழும் என்று. என் மதர்போர்டு நனைந்தது இப்படித்தான். அது லீக் அல்ல, என் அவசரம்.

ஆகவே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் கேபினெட்டை வரையுங்கள். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தைக் குறியுங்கள். அங்கே ஒரு 'டி' பிட்டிங், அதன் ஒரு காலில் சின்ன பால் வால்வு (ball valve, திறந்து மூடும் குழாய்த் திருகு), வால்வின் வாயில் ஒரு மூடி. இதுதான் மடை. மிக உயர்ந்த இடத்தில் நிரப்பும் வாய். இந்த இரண்டும் நிச்சயமான பிறகு மற்றக் குழாய்களை வரையுங்கள்.

வரிசையில் ஒரே ஒரு கட்டாயம் உண்டு. ரிசர்வாயர் பம்புக்கு மேலேயோ உடனடியாக முன்னாலோ இருந்து, தண்ணீர் தானாகப் பம்புக்குள் விழ வேண்டும். மற்றபடி பிராசசர் முன்னாலா, ரேடியேட்டர் முன்னாலா என்று மண்டையை உடைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடும் லூப்பில் 400 வாட்டை ஏற்றினாலும் ஒரு சுற்றில் தண்ணீர் சூடாவது 3 டிகிரிக்கும் குறைவு. எது பக்கமோ அதற்குக் குழாயை இழுங்கள். குழாய் எவ்வளவு குட்டையோ, வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பம்பிலும் பிராசசர் பிளாக்கிலும் உள்வாய், வெளிவாய் குறித்திருக்கும். அதை மாற்றாதீர்கள். ரேடியேட்டருக்குத் திசை கிடையாது.

கழுவுதல்

புது ரேடியேட்டர் சுத்தமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். உள்ளே ஈயப்பற்று வைத்தபோது மிஞ்சிய ஃப்ளக்ஸும் பொடியும் இருக்கும். சூடான டிஸ்டில்டு வாட்டரைப் பாதி அளவு ஊற்றி, இரண்டு வாயையும் மூடி, பத்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, வெள்ளைக் கிண்ணத்தில் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு ஐந்து தடவை ஆனது. கை வலித்தால் வீட்டில் சும்மா இருக்கும் மச்சானிடம் கொடுக்கலாம்.

கார்டைக் கழற்றுதல்

மேசையில் துண்டு விரித்து, கார்டைக் குப்புற வையுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். பழைய கூலர் பேஸ்ட்டில் ஒட்டியிருக்கும். நெம்பாமல் மெல்லத் திருகினால் விடும். ஃபேன் வயர்கள் உள்ளே மாட்டியிருக்கும், இழுத்துவிடாதீர்கள்.

பிளாக்கோடு தெர்மல் பேட்கள் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டுகள்) வரும். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று கையேட்டில் படம் இருக்கும். அரை மில்லிமீட்டர் தடிமன் கூடினால் பிளாக் சிப்பைத் தொடாது. குறைந்தால் மெமரி சூடாகும். ஸ்க்ரூக்களைக் குறுக்காகக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், கார் சக்கரத்துக்கு நட்டு போடுவது போல. கழற்றிய பழைய கூலரைத் தூக்கிப் போடாதீர்கள். கார்டை விற்கிற நாளில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ரேடியேட்டரில் ஸ்க்ரூ: நான் போட்ட ஓட்டை

ஃபேனை ரேடியேட்டரில் மாட்டும் ஸ்க்ரூ 25 மில்லிமீட்டர் ஃபேனைத் தாண்டி, உள்ளே நாலைந்து மில்லிமீட்டர் மட்டும் போக வேண்டும். அதனால்தான் 30 மில்லிமீட்டர் ஸ்க்ரூ தருகிறார்கள். எனக்கு இரண்டு குறைந்தது. ஹார்டுவேர் கடையில் அதே மாதிரி எம்3 ஸ்க்ரூ வாங்கினேன், 35 மில்லிமீட்டர். கடைசிச் சுற்றில் கொஞ்சம் கனமாக இருந்தது, இன்னும் ஒரு திருகு திருகினேன். ஸ்க்ரூ துளைக்கு நேர் கீழே தண்ணீர் ஓடும் தட்டைக் குழாய் இருந்தது. சில ரேடியேட்டர்களில் அந்த இடத்தில் தடுப்புத் தகடு உண்டு. என்னுடையதில் இல்லை.

இப்போதெல்லாம் ஃபேன் இல்லாமல் வெறும் ஸ்க்ரூவை ரேடியேட்டரின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எவ்வளவு உள்ளே போகும் என்று கண்ணால் அளந்துவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

பிட்டிங்கும் டெஃப்லான் டேப்பும்

பக்கத்து வீட்டு பிளம்பர் அண்ணன் நான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லேய் மக்கா, டேப் சுத்தாம மாட்டுதியே, ஒழுகாதா?"

"இதுக்கு டேப் வேண்டாம்ணே. உள்ள ரப்பர் வளையம் இருக்கு."

"நான் முப்பது வருசமா குழா மாட்டுதேன், டேப் இல்லாம ஒண்ணும் நிக்காது."

அவர் சொல்வது வீட்டுக் குழாய்க்குச் சரி. அங்கே தண்ணீரைத் தடுப்பது மரைதான், அதனால் டேப் வேண்டும். ஜி 1/4 பிட்டிங்கில் மரை இழுத்துப் பிடிக்க மட்டும். தண்ணீரைத் தடுப்பது அடியில் இருக்கும் ஓ-ரிங். டேப் சுற்றினால் ஓ-ரிங் சரியாக உட்காராது, டேப் துணுக்கு பிரிந்து பிளாக்கிலும் சிக்கும். கையால் திருகி, நின்ற பிறகு ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஓ-ரிங் பிதுங்கும், அக்ரிலிக் பிளாக்கென்றால் விரிசலே விழும். மாட்டும் முன் ஒவ்வொரு பிட்டிங்கிலும் ஓ-ரிங் இருக்கிறதா, தலைமுடி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு துளி கூலன்ட் தடவினால் வழுக்கி உட்காரும்.

குழாயை நேராக வெட்ட வேண்டும். சாய்ந்த வெட்டு பிட்டிங்கின் அடிவரை போகாது. முதலில் காலரை, அதாவது குழாயை வெளியிலிருந்து இறுக்கும் பிட்டிங் வளையத்தை, குழாயில் மாட்டிவிட்டு (இதை மறக்காதவர் இல்லை), குழாய் முனையை வெந்நீரில் அரை நிமிடம் காட்டி, பிட்டிங்கின் மூக்கில் அடிவரை அழுத்தி, காலரைத் திருகுங்கள். குழாய் எங்கேயாவது மடிந்து நிற்கிறதா? அந்த இடத்தில் நீளத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் 90 டிகிரி பிட்டிங் போடுங்கள். சூடானதும் குழாய் இன்னும் இளகும், அப்போது மடிப்பு முழுதாக அடைக்கும்.

கரண்ட் இல்லாமல் சோதனை

இரண்டு சோதனைகள். முதலில் காற்று. கைப்பம்பும் அளவுமானியும் சேர்ந்த லீக் டெஸ்டர் விற்கிறார்கள். லூப்பின் ஒரு வாயில் மாட்டி, மற்ற வாய்களை மூடி, 0.5 பார் அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் விடுங்கள். முள் அசையவில்லை என்றால் நீங்கள் பாஸ். இறங்கினால் ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள்; ஒரு துளித் தண்ணீரும் சிந்தாமல் தப்பைக் கண்டுபிடித்துவிடலாம். பஞ்சர் கடைக் கம்பிரசரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அந்த அழுத்தத்தில் ரிசர்வாயர் வெடிக்கும்.

பிறகு தண்ணீர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 பின், பிராசசர் 8 பின், கிராபிக்ஸ் கார்டு கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பம்புக்கு மட்டும் கரண்ட். மதர்போர்டு இல்லாமல் எஸ்எம்பிஎஸ் ஆன் ஆக, 24 பின் முனையில் மாட்டும் ஜம்பர் பிளக் ஒன்று மலிவாகக் கிடைக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு அதை மாட்டுங்கள். ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். வெள்ளை டிஷ்யூவில் ஒரு துளி விழுந்தாலும் காட்டிக் கொடுக்கும்.

ரிசர்வாயரை நிரப்புங்கள். பம்பை ஆன் செய்யுங்கள், மட்டம் சரசரவென்று இறங்கும், தொட்டி காலியாகும் முன் ஆஃப். மறுபடி நிரப்பு, ஆன், ஆஃப். பம்ப் ஒரு நிமிடம்கூடத் தண்ணீரில்லாமல் ஓடக் கூடாது. உள்ளே உராய்வுக்கும் குளிர்ச்சிக்கும் அதற்குத் தண்ணீர்தான் எல்லாம். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு மட்டம் நிற்கும்.

இப்போது காற்றுக் குமிழிகளின் முறை. கேபினெட்டை முன்னும் பின்னும், இடமும் வலமும் மெல்லச் சாய்த்துத் தட்டுங்கள். கடகடவென்று ரேடியேட்டரிலிருந்து குமிழி வந்து ரிசர்வாயரில் ஏறும். சின்னக் குமிழிகள் தீர ஒன்றிரண்டு நாள்கூட ஆகும், அதற்காகப் பயப்பட வேண்டாம். 24 மணி நேரம் பம்பை ஓடவிட்டு டிஷ்யூவைப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் எஸ்எம்பிஎஸ் மறுபடி தானாகக் கிளம்பிவிடும்; ஆகவே இரவில் ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

ஒழுகினால்? முதலில் சுவர் பிளக்கை உருவுங்கள். துடையுங்கள். நனைந்த பாகத்தைக் கழற்றி ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஃபேன் காற்றில் குறைந்தது இரண்டு நாள். ஜூனிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நான்கு நாள் விடுங்கள். இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது, நம் காற்று எதையும் சீக்கிரம் உலரவிடாது. டிஸ்டில்டு வாட்டர் கரண்ட் கடத்தாது என்று யாராவது தைரியம் சொன்னால் கேட்காதீர்கள். பாட்டிலைத் திறந்து, உலோகத்தையும் தூசியையும் தொட்ட நிமிடத்திலிருந்து அது கடத்தத் தொடங்கும். அரிசி மூட்டைக்குள் மதர்போர்டை வைக்கிற வைத்தியமும் வேண்டாம்.

முதல் தடவை ஆன் செய்யும்போது

பம்பின் வேகத்தைச் சொல்லும் வயரை மதர்போர்டின் பிராசசர் ஃபேன் முனையில் மாட்டுங்கள். பம்ப் நின்றால் மெஷின் கிளம்பும்போதே எச்சரிக்கும். பயாஸில் பம்ப் வேகத்தை மாறாமல் ஒரே அளவில் வையுங்கள். டி5 என்றால் 60, 70 சதவீதம் போதும்.

ஃபேன் வேகத்தைப் பிராசசர் சூட்டோடு கட்டாதீர்கள். பிராசசர் ஒரு நொடியில் 20 டிகிரி ஏறி இறங்கும், ஃபேனும் கூடவே ஊளையிடும். தண்ணீர் அப்படித் துள்ளாது; ஒரு லிட்டரும் ரேடியேட்டரும் சூடேற நிமிடங்கள் ஆகும். லூப்பில் தண்ணீர் வெப்பநிலை சென்சார் ஒன்று போட்டு, அதைப் பார்த்து ஃபேன் ஓடட்டும். என் அமைப்பில் 36 டிகிரிவரை ஃபேன் ஓடுவதே தெரியாது, 45-ல் முழு வேகம். 50-ஐத் தாண்டினால் ஏதோ தப்பு. ஃபேன் நின்றிருக்கும், குழாய் மடிந்திருக்கும், அல்லது அறைக் கதவைச் சாத்திவிட்டு ரெண்டர் போட்டிருப்பீர்கள்.

பிராசசர் மட்டும் சூடாகி, தண்ணீர் ஆறியே இருந்தால் பிளாக் சரியாக உட்காரவில்லை, பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி மாட்டுங்கள். தண்ணீரும் சேர்ந்து சூடானால் ரேடியேட்டர் பக்கம் பாருங்கள்.

உப்புக்காற்று, பல்லி, தூசி

நாகர்கோவிலில் தூசி. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடல் பக்கம் போனால் உப்பு. ஸ்க்ரூ தலையெல்லாம் ஓராண்டில் துருப்பிடிக்கும், ரேடியேட்டர் இடுக்கில் தூசியும் உப்பும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே கேபினெட்டை வைக்காதீர்கள். வலை ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள், ரேடியேட்டரை ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். குளச்சல்காரனுக்கு 15 நாளுக்கு ஒருமுறை என்று சொல்லியிருக்கிறேன். செய்வான் என்று நம்பிக்கை இல்லை.

பல்லி பெரிய பிரச்சினை. கேபினெட் ராத்திரி முழுக்க இதமான சூடு, அதற்கு அது லாட்ஜ். பயன்படாத ஸ்லாட் மூடிகளையெல்லாம் போட்டு வையுங்கள்.

தண்ணீர் மாற்றுகிற நாள்

முதல் ஒரு மாதம் வாரம் ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். ஒளிந்திருந்த காற்று வெளியேற வெளியேறக் கொஞ்சம் குறையும். அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. கூலன்ட்டை ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கலங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே. மாற்றிய தேதியை ஒரு டேப்பில் எழுதிக் கேபினெட்டின் முதுகில் ஒட்டிவிடுங்கள். வண்டியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோவதென்றால் அன்றும் வடித்துவிட வேண்டும். நம் ரோட்டுக் குழிகளை எந்த மூட்டும் கணக்கில் வைத்துச் செய்ததில்லை.

சுவர் பிளக்கை உருவி, மடையின் வாயில் ஒரு துண்டுக் குழாயை மாட்டி, பக்கெட்டுக்குள் விட்டு, மேல்வாயைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும். மேல்வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டும் வராது. மிச்சத்துக்குக் கேபினெட்டைச் சாய்க்க வேண்டும். பிளாக்கைப் பிரித்துப் பள்ளங்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேயுங்கள். நிக்கல் பூசாத வெறும் செம்பு கறுத்திருந்தால் புளிக்கரைசல் போதும், குத்துவிளக்குத் துலக்குகிற அதே வித்தைதான். உப்பு மட்டும் சேர்க்காதீர்கள், பிறகு டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். நிக்கல் பூசியதில் புளி படக் கூடாது.

வடித்த கூலன்ட்டை அம்மா வாழை மூட்டில் ஊற்றச் சொல்வாள், கொடுத்துவிடாதீர்கள். பல கூலன்ட்களில் கிளைக்கால் (glycol) எனும் ரசாயனம் உண்டு. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். பூனையோ நாயோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும். மூடியுள்ள பாட்டிலில் ஊற்றிப் பெயர் எழுதிப் பரணில் வைத்துவிட்டு, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்ஷாப்பில் கார் கூலன்ட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பக்கெட்டைக் கழுவாமல் குளியலறையில் திரும்ப வைக்காதீர்கள்.